ஓட்டை விழட்டும்

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவள் கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி என்று இரும்பை ஒட்டுகிறவள். நான் பிறந்தநாள் கேக்குகளுக்குக் கிரீம் பூ வைக்கிறவள். எனக்குக் கல்யாணமான புதிதில், "பொம்பளைப் பிள்ளைக்கு நெருப்போட என்ன விளையாட்டு" என்று யாரிடமோ சொன்னேன். அது அவள் காதுக்குப் போய்விட்டது. இருபது வருஷமாக அதை மனசில் வைத்திருந்தவளின் ஷெட் வாசலில்தான், எனக்கும் வெல்டிங் கற்றுக்கொடு என்று போய் நின்றேன்.

எல்லாம் என் வீட்டுக்காரருக்காக. அவர் தபால்காரர். ஊரில் எல்லார் வீட்டுப் படியும் ஏறி இறங்கிய மனிதர், நான்கு மாதமாகச் சொந்த வீட்டுப் படியில் கால் வைக்கவில்லை. நாங்கள் இருப்பது மாடியில். வெளிப்பக்கமாகப் பதினாறு படி. மழை பெய்த ஒரு காலையில், அவர் பிடித்த பிடியிலேயே கைப்பிடி கழன்று வந்துவிட்டது. தொடை எலும்பு இரண்டு துண்டு. இப்போது எலும்பு சேர்ந்துவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் இவர் படி வரை வருவார், கீழே பார்ப்பார், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று திரும்பிவிடுவார்.

கழன்ற கைப்பிடியை நான் எடுத்துப் பார்த்தேன். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே இரும்போடு இரும்பு சேரவே இல்லை. அதைச் செய்தவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன்.

புதுக் கைப்பிடியைத் தானே செய்து தருவதாக நாத்தனார் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் எடை முழுக்கத் தாங்கப்போகிற பொருள் என் கையால்தான் ஆக வேண்டும் என்று நின்றேன். அன்பு பாதி, வீம்பு பாதி. எது எவ்வளவு என்று எனக்கு இன்றும் பிரிக்கத் தெரியாது.

"சரி அண்ணி. ஆனா ஷெட்டுக்குள்ள நான் சொல்றதுதான்" என்றாள்.

முதல் நாள் உருகி ஒட்டுகிற வெல்டிங் ராடைப் பற்றவைக்கவே எனக்கு வரவில்லை. தீக்குச்சியை உரசுவது போல உரசிச் சட்டென்று தூக்க வேண்டும் என்றாள். நான் உரசினேன், அது இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. திருகினால் வரும் என்று அவள் சொல்வதற்குள் ராடு முழுக்கச் சிவந்துவிட்டது. அன்று மட்டும் பதினோரு முறை ஒட்டிக்கொண்டது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி முகமூடியை இறக்காமல் ஒரே ஒரு தரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததற்கு, மறுநாள் வரைக்கும் கண்ணுக்குள் மணலை வாரிப் போட்டது போல இருந்தது. அதற்கு அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பாத்தீங்கன்னா ஷெட்டுப் பக்கம் வரக் கூடாது" என்று நிஜமாகவே அதட்டினாள்.

மூன்றாம் நாள் ஒன்று சொன்னாள். "எல்லாரும் வெளிச்சத்தைத்தான் பாப்பாங்க. நீங்க அதைப் பாக்காதீங்க. அதுக்குப் பின்னாடி உருகி நிக்குது பாருங்க ஒரு சின்னக் குளம், அதைப் பாருங்க. அது ரெண்டு கரையையும் தொட்டாதான் நகரணும். எண்ணெயில பொரியற மாதிரி சத்தம் வரணும்."

அந்தக் குளத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் அதற்கு முன்பே நான் ஒட்டும் கோடு அழகாக வந்துவிட்டது. கிரீம் பையைப் பிதுக்கிப் பிதுக்கி இருபது வருஷம் பழகிய கை. வேகம் மாறாது, நடுங்காது. ஒட்டின் மேல் படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால், வரிசையாக அடுக்கினது போல அவ்வளவு ஒழுங்கு. அவளுடைய கோடே அத்தனை அழகில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவள் அதை மேஜையிலிருந்த இரும்புப் பிடியில், வைஸில், கவ்வவைத்துச் சுத்தியலால் ஓர் அடி அடித்தாள். என் கோடு முழுசாகக் கழன்று தரையில் விழுந்தது.

"கேக் மேல கிரீம் வெச்சிருக்கீங்க அண்ணி. இது உள்ள இறங்கணும்."

அந்த ஷெட்டின் வழக்கம் அது. எந்த வேலையாக இருந்தாலும், அதே குழாயில் அதே கரண்ட்டில் முதலில் ஒரு துண்டு ஒட்டி, உடைத்துப் பார்த்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. என் தொழிலில் செய்ததைப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டுவோம்; சுத்தியலால் அடிக்க மாட்டோம்.

உள்ளே இறங்க வேண்டுமென்றால் கரண்ட்டைக் கூட்ட வேண்டும். மெஷினில் எண் தொண்ணூறுக்குப் போக வேண்டும். தொண்ணூறில் வைத்தால் எனக்கு மெல்லிய குழாயில் ஓட்டை விழுந்தது. ஓட்டை விழுந்தால் அசிங்கம். அறுபதில் வைத்தால் அழகு. அவள் பார்க்கும்போது தொண்ணூறில் திணறுவேன். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் மெல்ல அறுபதுக்குத் திருகிவிடுவேன்.

பிறகு அவள் ஒரு தொட்டி வேலைக்காக மூன்று நாள் வெளியூர் போனாள். வந்ததும் சேர்ந்து செய்யலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் காத்திருக்கவில்லை. சாவி எங்கே இருக்கும் என்று தெரியும். குழாய் வெட்டி, ஐந்து தூண் வைத்து, முழுக் கைப்பிடியையும் நானே ஒட்டினேன். அறுபதில். அவர் உள்ளங்கையில் உரசக் கூடாது என்று ஒட்டுகளையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கினேன். தேய்த்ததில் இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போயிருக்கும். மேலே கடல் நீலத்தில் இரண்டு கோட்டிங் பெயிண்ட்.

துண்டு ஒட்டி உடைத்துப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடைந்துவிடும் என்று தெரிந்துதான் உடைக்கவில்லை.

ஊரிலிருந்து வந்தவள் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"உடைச்சுப் பாத்தீங்களா அண்ணி?"

"பாக்காம இருப்பேனா?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போல்ட் போட்டுப் படியில் மாட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை இவர் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து மேல்படியில் நின்றார். நாத்தனார் கீழே தன் வண்டிக்குப் பக்கத்தில். நான் நடுப்படியில். அவர் முகத்தில் பயம் அப்படியே இருந்தது; ஆனாலும் சிரித்தார்.

"வேற யாராவது செஞ்சதுன்னா தொட்டிருக்கவே மாட்டேன். நீ செஞ்சது. கண்ணை மூடிக்கிட்டு இறங்குவேன்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. போன கைப்பிடியைச் செய்தவனை நான் எத்தனை திட்டு திட்டினேன். அவனும் இப்படித்தான் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருப்பான். நானும் அவனும் ஒன்று.

"பிடிக்காதீங்க" என்றேன்.

"என்னது?"

"அதைத் தொடாதீங்க. உள்ள போங்க. குட்டி, சுத்தியலைக் கொடு."

குட்டி என்பது அவர் தங்கையைக் கூப்பிடுவது. நாற்பது வயதுக்காரியை நான் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. அவள் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் தூணின் தலையில் ஓர் அடி அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நொடி, என் பொய்யே மெய்யாகிவிடாதா என்று கேவலமான ஓர் ஆசை வந்தது. மறுபடி அடித்தேன். கைப்பிடி தூணை விட்டு அப்படியே எழும்பிக்கொண்டது.

"உடைச்சுப் பாக்கல" என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. "பொய் சொன்னேன். எல்லா ஒட்டும் இப்படித்தான் இருக்கும்."

அவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். அப்படியே மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாத்தனார்தான் பேசினாள். "எத்தனையில வெச்சீங்க?"

"அறுபது."

"நினைச்சேன்." வண்டியிலிருந்து மெஷினை இறக்கினாள். அவள் அதைக் கொண்டுவந்திருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்ணைத் தொண்ணூறுக்குத் திருகி, முகமூடியை என் கையில் கொடுத்தாள்.

"நீயே போட்டுடு" என்றேன். "என்னால ஆகாது. ஓட்டை விழும்."

"விழட்டும். விழுந்தா அடைச்சுக்கலாம். ஓட்டை கண்ணுக்குத் தெரியும் அண்ணி. நீங்க வெச்சதுதான் தெரியாது."

முதலில் ஒரு துண்டுக் குழாயில் ஒட்டினோம். அதை அவளே அடித்தாள். ஐந்தாவது அடியில் குழாய் வளைந்தது, ஒட்டு விடவில்லை. பிறகு பெயிண்டைச் சுரண்டி, என் நீலத்தையெல்லாம் உதிர்த்து, மேல் தூணிலிருந்து ஆரம்பித்தேன். முதல் ஒட்டிலேயே ஓட்டை விழுந்தது. கொஞ்சம் ஆறவிட்டு, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக நிரப்பி மூடினேன். பார்க்க ஆறிய தழும்பு போல இருந்தது. அடுத்ததும் அசிங்கம்தான். ஆனால் பொரிகிற சத்தம் கேட்டது. குளம் இரண்டு கரையையும் தொட்டது.

ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே போனேன். கடைசித் தூணுக்கு வந்தபோது குழாய் ஆடியது. முகமூடியை இறக்கியபடியே, "குட்டி, நல்லாப் பிடி" என்றேன். தடித்த கையுறை போட்ட இரண்டு கை வந்து பிடித்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் உருகிய இரும்பைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. ராடு தீரும் வரை ஓட்டினேன். ஆட்டம் நின்றது.

முகமூடியைத் தூக்கினேன். நாத்தனார் தெருப்பக்கம் மெஷின் அருகே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கு எதிரே, கீழிருந்து இரண்டாம் படியில், அவளுடைய இன்னொரு முகமூடியை மாட்டிக்கொண்டு, குழாயைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த மேனிக்கே, எதையும் பிடிக்காமல், பின்பக்கமெல்லாம் அழுக்காகப் படி படியாக நகர்ந்து வந்திருக்கிறார்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் பிடியை விடவில்லை. "இந்தப் பக்கம் இன்னும் பாதி பாக்கி இருக்கு" என்றார். "முதல்ல ஒட்டி முடி. அப்புறம் அழு."