லெனோராவின் பதினான்கு பிள்ளைகள்

லெனோரா ஹாஸ்கெல் முப்பத்தொன்பது வயதில் முதன்முறையாக அம்மாவானாள். மகனுக்கு நாற்பத்திரண்டு வயது.

மகன் வேறு யாருமல்ல, டெக்ஸ்டர் ப்ரூயிட்தான். நியூயார்க் மேடையில் இரண்டு வருடம் அவளுக்குக் கணவனாக நடித்தவன். அவளுக்கு ஒப்பனை செய்த எனக்கு அந்த ஜோடியின் அருமை தெரியும். பேசும் படம் வந்ததும் மூவரும் ஒரே ரயிலில் ஹாலிவுட் போனோம். அங்கே இயக்குநர் க்ரப்மன் அவளிடம் அம்மா வேஷத்தை நீட்டினார்.

"இவன் பொறந்து மூணு வருஷம் கழிச்சுத்தான் சார் நானே பொறந்தேன்!"

"கேமராவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதும்மா" என்றார் அவர். டெக்ஸ்டர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஒப்பனை அறையில் பத்து நிமிடம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஓபல், சுருக்கத்தை வரைடி. கஞ்சத்தனம் பண்ணாதே" என்றாள்.

தேனிலவுக்குக் கிளம்பும் மகனிடம் "போய்ட்டு வாப்பா" என்று சொல்ல வேண்டும். காட்சியில் அவளுக்கு இருந்தது அவ்வளவுதான். கேமரா ஓடியது. அவள் கைக்குட்டையை எச்சிலில் நனைத்து, புதுமாப்பிள்ளையின் கன்னத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "போய்ட்டு வாப்பா" என்றாள். டெக்ஸ்டர் ஏழு வயதுப் பையனைப்போல நிஜமாகவே சிவந்துபோனான். விளக்குப் பிடித்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"என்னடி இது, என் மானத்தையே வாங்கிட்டே!" என்றான் பிறகு.

"அம்மாகிட்ட மரியாதையாப் பேசு."

படம் வெளியானபோது ஜனங்கள் அந்தக் காட்சிக்காகவே இரண்டாம் முறை வந்தார்கள். அதன்பின் அவளுக்கு அம்மா வேஷம்தான். பதினெட்டு வருடத்தில் பதினான்கு பிள்ளைகள்! கொலைகாரன், பாதிரியார், இரண்டு குத்துச்சண்டைக்காரர்கள். ஊர்பேர் தெரியாத பையன்களெல்லாம் 'அம்மா' என்று கடிதம் எழுதினார்கள். பாதிக்குமேல் அவளே பதில் போட்டாள்.

ஐம்பத்தேழு வயதில் நியூயார்க்கிலிருந்து ஒரு நாடகம் தேடி வந்தது. பியானோ பழுதுபார்ப்பவனோடு ஓடிப்போகும் விதவையின் கதை. அவள்தான் கதாநாயகி. நாங்கள் இருவரும் நியூயார்க்கில் இறங்கியதும், இரண்டாவது பெட்டியைத் திறக்காமலேயே ஒத்திகைக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் திரை உயர்ந்தது. இத்தனை வருடம் மைக்குக்குப் பக்கத்தில் முணுமுணுத்துப் பழகிய குரல், நாலாவது வரிசையோடு நின்றுவிட்டது. மேல்மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஒண்ணும் கேக்கலம்மா!"

பக்கத்திரையின் பின்னாலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். லெனோரா மேடை விளிம்புவரை நடந்து வந்து, அண்ணாந்து பார்த்து, முழுத்தொண்டையில் கேட்டாள்: "இப்போ?"

அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, வசனத்தை முதலிலிருந்து பிடித்தாள். அதற்குப்பின் ஒரு சொல்கூடக் கீழே விழவில்லை.

நாடகம் பதினோரு மாதம் ஓடியது. வாரத்துக்கு எட்டு முறை மூன்றாம் அங்கத்தில் பியானோக்காரனோடு முத்தம். எப்படி இருக்கிறதென்று ஒருநாள் கேட்டேன்.

"அவனுக்குப் பல்லு கட்டினதுதான்டி" என்றாள், உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தபடி. "ஆனா மனுஷன் அவசரப்பட மாட்டேங்கிறான்."