மணல் பெட்டியில் ஈரம்

என் கணவர் பாலசுப்ரமணியனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை வேலை. எந்த அளவையும் மூன்று முறை பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்புவார். அங்கே அது சரி. வீட்டில் சாம்பாருக்கு உப்புப் பார்ப்பதிலும் அப்படித்தான் என்றால் யாருக்குக் கோபம் வராது?

1998 ஆடி மாதம் ஒரு நாள், எங்கள் கடுவன் பூனை சுண்டல் விடிந்ததிலிருந்து அதன் மணல் பெட்டிக்கும் கூடத்துக்குமாக நடந்தது. உட்காரும், முக்கும், முனகும், எழுந்து வரும். மறுபடி போகும்.

"வயிற்றுப்போக்கு" என்று முடிவு கட்டிய இவர், தாளில் கோடு போட்டு நேரம் குறிக்கத் தொடங்கினார். பத்து மணிக்குள் பதினோரு தடவை.

"டாக்டர்கிட்ட போயிடலாங்க."

"சாயந்தரம் வரைக்கும் பார்ப்போம், சியாமளா. இன்னும் ரீடிங் போதாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தத் தாள் அவ்வளவு நேர்த்தியாக இருந்ததில் நானும் அதை நம்பிவிட்டேன்.

பத்தரைக்கு, சதுரங்கப்பட்டினத்து மீன்காரி ஹெலன் வந்தாள். தினமும் சுண்டலுக்கென்று நாலு மத்தி தனியாகக் கொண்டுவருபவள். மீன் வாசனைக்கும் அது எழுந்து வரவில்லை. கூடையை இறக்கிவிட்டு நேரே பெட்டிக்குள் கையை விட்டாள்.

"இன்னாம்மா இது, மணலு சொட்டு ஈரமில்லாம காஞ்சி கெடக்குது. ஒண்ணுக்குப் போவ முடியாம முக்கினு கீது. வவுத்தத் தொட்டுப் பாரு, கல்லாட்டம் கீது."

தாளில் பதினோரு வரிகள் இருந்தன. மணல் நனைந்ததா என்று ஒரு கட்டம்கூட இல்லை. இவர் முகம் செத்துப்போனது. மதிய ஷிஃப்டுக்கு லீவுகூடச் சொல்லாமல், சுண்டலைத் துணிக்கூடையில் வைத்து ஆட்டோ பிடித்தார்.

செங்கல்பட்டில் கால்நடை டாக்டர் மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். "கடுவனுக்கு வழி குறுகல். முக்கியும் சிறுநீர் வரலைன்னா காத்திருக்கவே கூடாது, உடனே தூக்கிட்டு வரணும். நாளைக்கு வந்திருந்தா பிழைச்சிருக்காது."

இவர் தலைகுனிந்து கேட்டார். நன்றாகத் திட்ட நினைத்தேன். வழி முழுக்கக் கூடைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்த மனிதரை என்னவென்று திட்டுவது?

மூன்றாம் நாள் சுண்டல் வீடு திரும்பியது. பெட்டியில் உட்கார்ந்தது, மணலைத் தள்ளி மூடியது, வாலைத் தூக்கிக்கொண்டு மத்தியைத் தேடிப் போனது. இவர் குனிந்து மணலுக்குள் விரலை விட்டார். கண் கலங்கியது.

"ஈரம்" என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் சும்மா விட மனமில்லை. "இன்னும் ரெண்டு தடவை பார்க்கணுமே."

"வேண்டாம். இந்த ஒண்ணு போதும்."