முதலில் அவர் சொன்னதைச் சொல்லுங்கள்

மஷூர் ஹாஜியாரை நாலு பேருக்கு முன்னால் நாறடிக்க வேண்டும் என்றுதான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். பொய் சொல்லவில்லை. வேறு எந்த நல்ல நோக்கமும் எனக்கு இருக்கவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஹாஜியாரின் பழைய வீட்டில்தான் என் தையற்கடை இருக்கிறது. முன் ஹோலில் மெஷின்கள், பின்னால் இரண்டு அறைகள் முழுக்கத் துணி. என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். "ரூபிகா அக்காட கடை" என்றால் பாமன்கடை வரைக்கும் தெரியும். அப்படியிருக்க, ஹாஜியார் ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். இடம் தேவைப்படுகிறதாம், நான் வேறு இடம் பார்க்கட்டாம். காரணமும் இல்லை, ஒரு மன்னிப்பும் இல்லை. வெள்ளவத்தையில் வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டை உடைத்து பிளட்ஸ், அடுக்குமாடி, கட்டப்போகிறார்கள்.

இந்த மனிதர்தான் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, மனிதநேய வட்டம் என்ற ஒன்றில் போய் உட்கார்ந்து, ஆள் எப்படித் திருந்துவது, சமூகம் எப்படித் திருந்துவது, நியாயமான பொருளாதாரம் என்றால் என்ன என்றெல்லாம் பேச்சுக் கேட்கிறவர்! என்ன கூத்து இது? அந்த முறை தலைப்பு "சொத்தும் நியாயமும்" என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. சாரியை உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கூட்டம் ஒரு நேர்சரியின் மேல்மாடியில். குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில் பெரிய மனிதர்கள் முழங்காலை மடித்துக்கொண்டு இருந்தார்கள். கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் தள்ளியிருந்து எனக்கு இடம் விட்டார். பேசியவள் மேனுகா, பொருளியல் படிப்பிக்கிற சின்னப் பெட்டை. கீழே ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்தில் தொடங்குவாள். ஓர் இடத்தைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கும் அந்த இடத்தில் உழைத்துச் சீவிப்பவருக்கும் நடுவில் என்ன கடமை இருக்கிறது என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. எழும்பிவிட்டேன்.

"கேளுங்கோ ஹாஜியார், வடிவாக் கேளுங்கோ! ஒரு மாசமும் நான் வாடகை பிந்தினதில்லை. கூரை ஒழுகினாலும் நான்தான் ஆள் பிடிச்சுத் திருத்தினனான். பிளட்ஸ்காரன் காசைக் காட்டினவுடனே நாங்கள் குப்பையோ? இஞ்ச வந்திருந்து நியாயம் கேட்க உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

ஹாஜியாரின் முகம் சுண்டிப் போனது. எனக்கு நல்ல திருப்தி. மேனுகாதான் கொஞ்சமும் பதறவில்லை.

"அக்கா, இங்க ஒரு வழக்கம் இருக்கு. ஒராளுக்குப் பதில் சொல்ல முதல், அவர் சொன்னதை நாங்கள் எங்கட வாயால சொல்லவேணும். அவர் 'ஓம், அதுதான்' எண்டு ஒத்துக்கொண்டாத்தான் எங்கட முறை. ஹாஜியார், நீங்கள் முதல்ல அக்கா சொன்னதைச் சொல்லுங்கோ."

என்ன விசர்க் கதை இது என்று நினைத்தேன். ஹாஜியார் மெல்ல எழும்பினார்.

"ரூபிகா மிஸ் செல்லுறது வாடகைக் கதையில்ல," என்றார், 'சொல்' 'செல்' ஆகவும் 'இருந்து' 'ஈந்து' ஆகவும் வரும் தன் பேச்சில். "அந்த ஒழுங்கையில அவட பேரச் செல்லித்தான் ஆக்கள் தேடி வாற. வேறெங்கயும் போனா அவ திரும்பவும் புதுசா வந்த ஆள். சின்ன வயசில சண்டைக்குள்ள எல்லாத்தையும் போட்டுட்டு கொழும்புக்கு வந்தவ. இன்னொருக்கா அதச் செய்யச் செல்லி நான் போன்ல செல்லிட்டேன். முகத்தப் பாத்துச் செல்லல்ல. அதுதான் அவக்கு நோகுது."

சண்டைக்குள் ஓடி வந்தவள் என்பது ஒழுங்கைக்கே தெரியும்; மற்றதில் ஒரு சொல்லையும் நான் சொல்லவில்லை. எனக்கே நான் இதைச் சொல்லிக்கொண்டதில்லை. என் கோபத்துக்கு அடியில் கிடந்ததை, நான் ஏச வந்த மனிதர் எடுத்து என் கையில் தருகிறார்! ஐயோ கடவுளே, இவருக்கு இது எப்படித் தெரிந்தது?

"ஓம்," என்றேன். "அதுதான்."

இப்போது, ஹாஜியார் ஏன் எழும்பச் சொன்னார் என்று என் வாயால் சொல்ல வேண்டிய முறை. "ஹாஜியாருக்குக் காசு வேணும்," என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். "தெரியாட்டிக் கேளுங்கோ அக்கா," என்றாள் மேனுகா.

கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"பிளட்ஸ் இல்ல மிஸ். என்ட தங்கச்சிக்கு. கொம்பனித்தெருவில அவ ஈந்த வூட்ட ஒடச்சிப் பெருசா கட்டினாங்க. அவக்கு அதில ஒண்டும் கெடைக்கல்ல. அவட மாப்பிள மவுத்தாகி அடக்கின பொறகு சொந்தக்காரங்கட ஹோல்ல படுக்கிறா. நான் ஈக்கிறதும் மகள்ட வூட்டில. கூடப்பொறந்தவளுக்குப் படுக்க இடமில்லன்னு நான் எப்பிடி வெளிய செல்லுற?"

அதை அப்படியே திருப்பிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஹாஜியார் சொல்றது... அவற்ற தங்கச்சி ஆக்கள் எழும்ப முதல் பாயைச் சுருட்டி வைக்கிறா. இரவில தண்ணி விடாய்ச்சாலும் எழும்ப மாட்டா, ஆரும் முழிச்சிடுவினம் எண்டு. இன்னும் சோறு வேணுமோ எண்டு கேட்டா, பசிச்சாலும் காணும் எண்டு சொல்லுவா. சிரிச்சாலும் சத்தம் வராமல் சிரிப்பா."

ஹாஜியார் என்னையே பார்த்தார். "இது ஒண்டும் நான் செல்லல்லயே மிஸ்," என்றார். உண்மைதான். இது கொட்டாஞ்சேனையில், ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில், நானும் அம்மாவும் இருந்த கதை. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"ஓம். அதுதான்."

சொன்னது ஹாஜியார் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அபாயாப் பெண். கண்ணெல்லாம் தண்ணீர். "நான்தான் அந்தத் தங்கச்சி. பஹ்மா," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் சூடம் காட்டும்போதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் இரவுகள் என் வாயில் இருந்திருக்கின்றன. என் பயம் ஹாஜியாரின் வாயில் இருந்திருக்கிறது. மனிதருக்கு மனிதர் இவ்வளவு கிட்டவா இருக்கிறோம்? இது தெரியாமலா இத்தனை காலம் ஆளை ஆள் முறைத்துக்கொண்டு திரிந்தோம்? மேனுகாவும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப உங்கட பதில், அக்கா."

பஸ்ஸில் வரும்போது பாடமாக்கி வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"நான் எழும்புறன். அவ வரட்டும்," என்றேன்.

என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். கடை போய்விட்டது. என்னை நம்பியிருக்கிற மூன்று பெண்களின் முகமும் கண்ணுக்குள் வந்தது. என்றாலும் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பஹ்மா என் கையைப் பிடித்து இருத்தினார்.

"நீங்க எங்கயும் போகத் தேவல்ல. முன் ஹோல நீங்க வச்சுக்கொங்க. துணிய அங்க எடுத்தா பின்னுக்கு ஈக்கிற ரெண்டு ரூமும் எனக்குத் தாராளம்."

ஹாஜியார் தங்கச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அந்தக் குட்டிக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். இப்படி ஒரு வழி இருப்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒருவரை ஒருவர் ஒரு சொல் கேட்டிருந்தால்தானே தோன்றும்!

எனக்குத்தான் இன்னும் பயம். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றேன். "விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரைக்கும் மெஷின் சத்தம். அதுக்குள்ள பெட்டையளின்ட கதையும் சிரிப்பும். உங்களுக்கு ஒரு நிமிசம் நிம்மதி இராது."

"சத்தம் போடாம ஈந்து ஈந்து அலுத்துப் போச்சு," என்றார் பஹ்மா. "என்ட வூட்டில நல்லா சத்தம் ஈக்கட்டும்."