சீக்கிரம் வந்த பச்சை

நோயாளியின் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு போகும் எக்ஸ்ரே வண்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, வண்டியின் முதுகில் ஒரு சீட்டை ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். போட்ட கையெழுத்துகளில் ஒன்று சுத்தப் பொய்.

அந்த வண்டியை ஓட்டியவர் எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கும் அவர் அக்காதான், தலைமை டாக்டர் உட்பட. தினமும் மதியம் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படங்களை அடுக்க உட்காருவார். பச்சை விளக்கு எரிந்ததும் யாரும் தடுக்கி விழக்கூடாதென்று வயரைச் சுருட்டி வைப்பார். "பச்சை வந்தா பேட்டரி ஃபுல்லு, அவ்வளவுதான்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த மேதாவி நான்.

ஒருநாள் அவர் என்னை வழிமறித்தார்.

"ஏன் தம்பி, முன்னெல்லாம் பச்சை வர நாலு மணி நேரம் ஆகும். நீ வந்து பாத்துட்டுப் போனதுலேருந்து முக்கால் மணி நேரத்துல வந்துடுதே! என்ன மாயம் பண்ணினே?"

"எல்லாம் கைராசிக்கா" என்றேன். அவர் நர்சுகளைக் கூப்பிட்டு என் கைராசியைப் பற்றிச் சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை.

உண்மையில் அன்றே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சார்ஜருக்குப் பேட்டரிக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாது. முதலில் கரண்டை ஒரே அளவாக உள்ளே தள்ளும். வோல்டேஜ் குறித்த அளவைத் தொட்டதும் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். அதன்பின் உள்ளே போகும் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நன்றாகக் குறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பச்சையைக் காட்டும். ஆயுள் முடியப்போகும் பேட்டரிக்கு வாங்கிக்கொள்ளத் தெம்பு இருக்காது. கொஞ்சம் போனதுமே வோல்டேஜ் ஏறி, கரண்ட் விழுந்துவிடும். சார்ஜரும் ஏமாந்து பச்சையைக் காட்டிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பேட்டரியை மூன்று மணி நேரம் வேலை வாங்கி வடியவிட்டு, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. மூன்று மணி நேரம் யார் காத்திருப்பது? கடைசியாகச் சோதிக்கப் போனபோது, பார்த்ததாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் ஒரு காலையில், நுரையீரல் சுருங்கிய ஒருவருக்குப் படம் எடுக்க அவசரமாகக் கூப்பிட்டார்கள். அக்கா வண்டியோடு ஓடினார். வராந்தா திருப்பத்தில் வண்டி செத்து நின்றது. பவர் போனால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும், தள்ளவும் முடியாது. வேறு கட்டடத்திலிருந்து இன்னொரு வண்டி வர இருபது நிமிடம். டாக்டர் படத்துக்குக் காத்திராமல் நெஞ்சில் குழாயைச் செருகியதால் ஆள் பிழைத்தார். அவருடைய மகள் புகார் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள்?

விசாரணையில் அக்கா சொன்னது ஒரே வரிதான். "பச்சை வந்தப்புறம்தான் வயரை எடுத்தேன்."

கண்காணிப்பாளர் வண்டியின் பதிவைக் காட்டினார். முந்தைய நாள் சார்ஜ் ஏறியது நாற்பது நிமிடம். என் பக்கம் திரும்பினார்.

"நாற்பது நிமிஷத்துல இந்தப் பேட்டரி ஃபுல்லாகுமா?"

"ஆகாது சார்."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"நாலு மணி நேரம்."

இரண்டும் சத்தியமான பதில்கள். நாற்பது நிமிடத்தில் பச்சை வருமா என்று அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. சொன்னால் அடுத்த கேள்வி என் சீட்டைப் பற்றி வரும். பச்சை வருமுன்பே அக்கா வயரை எடுத்துவிட்டார் என்று முடிவானது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொன்னதை நம்பி, தனக்கு எங்கே தப்பு நேர்ந்தது என்று யோசிக்கிற முகம் அது.

மறுநாளே பேட்டரிகளை மாற்றினேன். பழையவற்றை வடியவிட்டுப் பார்த்தேன். பதினாறு நிமிடம் தாங்கின. ஒரு மாதம் கோழையாகத் திரிந்துவிட்டு, எல்லாவற்றையும் எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு அக்காவின் கடிதத்தை எடுத்துக் காட்டினார். தனக்கு விளக்கின் நிறம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நோயாளிகளுக்குப் படம் எடுப்பது நியாயமில்லை, தன்னை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். விடுவித்து மூன்று நாளாகியிருந்தது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்று சொன்னாராம். "அப்போ கோளாறு மூளையிலதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பாதிக்கு மண்ணு படிஞ்ச தொட்டி சீக்கிரம் ரொம்பும்லக்கா, அந்த மாதிரி. நீங்க பாத்தது பச்சையேதான். டெஸ்ட் பண்ணாம கையெழுத்துப் போட்டவன் நான். பேட்டரியக் கெடவிட்டது நான்."

அவர் பொறுமையாகக் கேட்டார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"என்னைத் தேத்தணும்னு பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்காதே தம்பி. பொய் சொல்ல உனக்கு வரவே வராது. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடியும் உண்மையைத்தானே சொன்னே?"