ஆறவைத்த தண்ணீர்

செபஸ்டின் வண்டியை அணைக்காமலேயே பால்வாடி வாசலில் நின்று கத்தினான். உள்ளே ஜெனிதா, மடியில் கிடந்த பிள்ளையின் வாயில் ஒரு கரண்டி உப்பு சர்க்கரைக் கரைசலை விட்டுவிட்டு, அது தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு முடியல ஜெனி. சாமியாரு வந்து அவஸ்தை எண்ணெ பூசிட்டுப் போயிட்டாரு. கண்ணத் தொறக்குறப்பல்லாம் பாப்பா வந்துடுச்சா, பாப்பா வந்துடுச்சாங்குறாரு. ஏறு."

ஜெனிதா பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு எழுந்தாள். மற்ற பிள்ளைகள், சோறு ஒட்டிய கைகளோடு, அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே வாசலுக்கு வந்தன.

"ஆயா இல்லண்ணே. மகளுக்குப் பிரசவம்னு செந்துறைக்குப் போயிருக்கு. இதுங்கள யார்கிட்ட விட்டுட்டு வர்றது?"

"பூட்டிப் போட்டுட்டு வா. அதுங்க ஆத்தாளுங்க சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவட்டும்."

"பூட்டுறதா? உள்ள வச்சா?"

வெளியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கட்டடத்துக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தது. அவள் வேலையில் சேர்ந்த அன்று கூட வந்த அப்பா சவரிராஜ், கட்டடத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கிணற்றைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார். அடுத்த வாரமே ஒரு வண்டி முள் கொண்டுவந்து, கையெல்லாம் கீறலோடு வேலி அடைத்துவிட்டுப் போனார். முள் காய்ந்ததும் ஊர்க்காரர்கள் அடுப்புக்கு உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து, கதவுக்கு மேல்தாழ் போடாமல் ஜெனிதா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"பொம்பளைங்கல்லாம் கிழக்கால முந்திரிக் கொல்லையிலதாண்ணே இருப்பாங்க. நீ போயி ஒரு சத்தம் குடேன்" என்றாள். குரல் கெஞ்சியது.

செபஸ்டின் ஏதோ முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்பினான். ஆனால் போனான். கொஞ்ச நேரத்தில் முந்திரிப் பழ வாசனையோடு பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்து தத்தம் பிள்ளைகளை வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் அவள் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி அழக்கூடச் செய்தாள். கடைசியில் தோளில் கிடந்த பிள்ளை மட்டும் மிஞ்சியது.

குழந்தைவேல், தாத்தா பேர் வைத்த பிள்ளை. காலையிலிருந்து தண்ணியாகப் போய்க்கொண்டிருந்தது. கண் உள்ளே வாங்கி, உதடு வெடித்திருந்தது. நர்சம்மா வந்து பார்த்துவிட்டு உப்பு சர்க்கரைப் பாக்கெட் இரண்டு கொடுத்துப் போயிருந்தாள். விடாமல் கொடுக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் மூத்திரம் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அதன் அம்மா கமலவேணி அன்றைக்கென்று ஆண்டிமடம் பக்கம் வேறு கொல்லைக்குப் போயிருந்தாள். இருட்டினால்தான் வருவாள்.

எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள் கையை நீட்டினாள். "எங்கிட்டக் குடுங்க டீச்சர். நான் பாத்துக்குறேன். பெத்த அப்பன் கெடக்குறப்ப நீங்க நிக்கலாமா?"

"இந்தத் தண்ணிய மட்டும் விடாமக் குடுப்பீங்களா?"

"வயித்தால போற புள்ளைக்குத் தண்ணியா? குடுக்கக் குடுக்கத்தானே போவும். வாய நனைச்சுட்டுப் படுக்கப் போட்டா சரியாயிரும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஜெனிதா பிள்ளையைக் கொடுக்கவில்லை. பாட்டிலில் கரைசலை ஊற்றி மூடி, மிச்சப் பாக்கெட்டை முந்தானையில் முடிந்து, கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கமலவேணி வந்தா வரதராசன்பேட்டைக்கு, எங்கப்பா வூட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லி, பிள்ளையோடு வண்டியில் ஏறினாள்.

சித்திரை வெயில். முந்தானையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டாள். ஜெயங்கொண்டம் தாண்டுவதற்குள், "நிறுத்துண்ணே" என்றாள். ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு கரண்டி கொடுத்தாள். இன்னொரு கரண்டி. பிள்ளை ஓக்களித்தது. பொறுத்திருந்து மறுபடியும் கொடுத்தாள். செபஸ்டின் வண்டியை விட்டு இறங்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆண்டிமடம் வருவதற்குள் இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கடைசித் தடவை, "அங்க அப்பா கெடக்குறாரு ஜெனி" என்றான். சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தெரியுதுண்ணே" என்றாள். கரண்டியை எடுக்கவில்லை.

ஊர் எல்லைக்கு வந்தபோது மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. விட்டு விட்டு, ஒற்றை ஒற்றையாக. செபஸ்டினின் கை தளர்ந்து வண்டி தானாக நின்றது. அவன் முதுகு குலுங்குவதை ஜெனிதா பார்த்தாள். தொடக் கையை நீட்டினாள். பிள்ளை நழுவியது. கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அப்பாவைக் கூடத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கைகளுக்கிடையில் சிலுவை, தலைமாட்டில் மெழுகுவத்தி. உறவுப் பெண்கள் ஜெனிதாவைக் கண்டதும் எழுந்து கைகளை விரித்துக்கொண்டு வந்தார்கள். தோளில் பிள்ளையைப் பார்த்ததும் விரித்த கைகள் தடுமாறின.

"யாரு புள்ளடி இது?" என்றாள் அத்தை.

"பால்வாடிப் புள்ள. ஒடம்பு சரியில்ல."

"சாவு வூட்டுக்கா தூக்கிட்டு வருவ, நோவுக்காரப் புள்ளைய? உங்கப்பன் வாயில ஒரு சொட்டுத் தண்ணி விடக் குடுத்து வைக்கல, ஊரான் புள்ளைக்கு..."

அத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. ஜெனிதா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மழிக்காத தாடி. தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி. குரலெடுத்து அழ வாயைத் திறந்தாள். தோளில் பிள்ளை ஈனமாக முனகியது. பாட்டில் காலியாகியிருந்தது.

அவள் தன் அம்மா சாந்தி மேரியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அம்மா. காய்ச்சின தண்ணி வேணும்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். அதன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாள். நீர் வற்றிய தோலில் மடிப்பு அப்படியே நின்றது.

"அடுப்புல பூனை படுத்துக் கெடக்கு, தண்ணிக்கு எங்கடி போறது" என்றாள் யாரோ.

"அவருக்கு ஆற வச்சது சொம்புல இருக்கு. ஜன்னல்கிட்ட" என்றாள் அம்மா. "காலையில காய்ச்சுனது. எடுத்துக்க."

சொம்பின் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. தண்ணீர் நிறைய இருந்தது. ஜெனிதா முந்தானையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்துக் கொட்டி, கரண்டியால் கலக்கினாள். கரண்டி சொம்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

செபமாலை தொடங்கிற்று. ஜெனிதா சுவரோரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் மறுமொழி சொல்லும்போது தானும் உதட்டை அசைத்தபடி, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் தாழும் நேரத்தில் அவள் மடி வெதுவெதுவென்று நனைந்தது. "ஐயய்யோ, மூத்திரம் பேஞ்சு புடவைய நனைச்சுடுச்சே, எந்திரி" என்றாள் அத்தை.

"இருக்கட்டும் அத்தே" என்றாள். நனைந்த இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

பெட்டி வந்து இறங்கியது. ஆண்கள் உள்ளே வந்து பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். கடைசியாகப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். செபஸ்டின் ஜெனிதாவின் முன்னால் வந்து நின்றான். மணி அடித்ததிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. குனிந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஒரு கையால் சொம்பையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஜெனிதா எழுந்து போய் அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. அவளைச் சுற்றிப் பெண்களின் ஓலம் எழுந்தது. அவள் நிமிர்ந்தபோது, வாசலில் பந்தல் காலடியில், நாற்காலியின் நுனியில் செபஸ்டின் உட்கார்ந்திருந்தான். முழங்கால்களுக்கிடையில் சொம்பை இடுக்கிக்கொண்டு, கரண்டியைப் பிள்ளையின் வாயருகே பிடித்தபடி, அது வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தான்.