தட்டில் அடங்காத சீர்

தட்டில் அடங்காத சீர் ஒன்றைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். உடையார்பாளையம் ராஜவேலுக்கு இந்த வருஷம் பிடித்திருந்த பித்து அதுதான். தங்கை வினோதினியின் வளைகாப்புக்கு அவர் எடுத்துப்போன தட்டுகளைப் பார்த்த பாடாலூர்ச் சம்பந்திகள், "உடையார்பாளையத்துச் சீரு ஒரு சைக்கிள் கேரியர்ல அடங்கிடும்" என்று சிரித்திருந்தார்கள். அந்தப் பேச்சு அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்போது அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துகிற காது. இன்றைக்கு விட்டால் அந்தச் சைக்கிள் சாகும்வரை அவரைத் துரத்தும்.

ஆகவே மாமன் நீச்சல்குளம் கொண்டுவந்தார்.

குழி தோண்டுகிற குளமல்ல. தரைக்கு மேல் நெஞ்சுயரத்துக்குத் தகரச் சுவரை வட்டமாக நிறுத்தி, உள்ளே நீல பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் விடுகிற குளம். விரிப்புக்கு லைனர் என்று பெயர். தங்கை வீட்டு வாசலில் முதல் நாளே ஆள்விட்டுச் சுவரை நிறுத்தி, சலித்த மணலை உள்ளே பரப்பிவைத்திருந்தார். லைனர் மட்டும் காலையில் மேளதாளத்தோடு டிராக்டரில் வந்து இறங்கியது. ஒரு பெரியவர் அதைத் தடவிப் பார்த்து, "தார்ப்பாயா தம்பி? நல்ல கனமாத்தான் இருக்கு. மக்காச்சோளம் காயப்போடலாம்" என்றார்.

"லைனருங்க, லைனரு" என்று ராஜவேல் பல்லைக் கடித்தார்.

விரித்து, ஓரத்தைச் சுவரில் மாட்டியாயிற்று. இனி கணுக்கால் அளவு தண்ணீர் விட்டு, உள்ளே இறங்கி, சுருக்கங்களைக் காலாலேயே நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் முழுத் தண்ணீர். யார் இறங்குவது? ஆண்கள் எல்லாரும் கஞ்சி போட்ட வேட்டியில் இருந்தார்கள். பாய் விரிப்பது பொம்பளைங்க வேலை என்று ராஜவேல் தீர்ப்புச் சொன்னார். அவர் மனைவி அனுசுயா முன்னால் வந்தாள், பின்னால் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க! ஒரு பொட்டுக் கல்லு பட்டாலும் கிழிஞ்சிடும்!" கோயில் வாசலில் நிற்கிற தர்மகர்த்தாவைப் போல அதட்டினார் ராஜவேல்.

அனுசுயா ஏணியில் கால் வைக்குமுன் நின்றாள். "ஏங்க, மெட்டியக் கழட்டிட்டு எறங்கட்டுமா? வீடியோவுல அந்தப் பொண்ணு கால்ல ஒன்னும் இல்ல."

குளம் மாட்டுவது எப்படி என்று காட்டும் அந்த வீடியோவை ராஜவேலும் பார்த்திருந்தார், சுவர் நிறுத்துகிற வரைக்கும். மீதிக்குப் பொறுமையில்லை.

"அந்தப் பொண்ணுக்குப் புருஷன் இருக்கானோ இல்லியோ! நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், நாலு பேரு முன்னால மெட்டியக் கழட்டுறேங்கிற?"

கூட்டத்தில் பெரிய தலைகள் ஆமாம் போட்டன. பெண்கள் அவரவர் புருஷனின் ஆயுளைக் கால்விரலில் சுமந்துகொண்டு இறங்கி, லைனரைத் தேய் தேய் என்று தேய்த்தார்கள். சுருக்கம் போயிற்று. எல்லாரும் வெளியே வந்தார்கள். ராஜவேலுக்கு உச்சி குளிர்ந்தது.

"மோட்டாரப் போடுங்க!"

தண்ணீர் முழங்கால் அளவு ஏறியிருக்கும். பந்தலுக்குப் பின்னாலிருந்து சமையல்காரர் அலறினார். தகரச் சுவரின் அடியில் கசிந்த தண்ணீர் மணலையும் இழுத்துக்கொண்டு ஓடி, நேராக அடுப்புக்குள் புகுந்துவிட்டது. பிரியாணிக்கு அடியில் விறகு புஸ்ஸென்று அணைந்தது.

வினோதினியின் புருஷன் பரணிதரன் நெடுஞ்சாலையில் லாரி டயர் கடை வைத்திருப்பவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தான். நிதானமாக நிமிர்ந்தான்.

"மச்சான், சீரு பஞ்சர்!"

பந்தலே சிரித்தது. இத்தனை நாள் சைக்கிள் மட்டும்தான் துரத்தியது, இனி லாரியும் சேர்ந்துகொள்ளும். ராஜவேலுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மோட்டாரை நிறுத்தினார்கள். லைனர் வந்த பெட்டியில் ஒட்டுப் போட ஒரு துண்டும், தண்ணீருக்குள்ளேயே ஒட்டுகிற பசையும் இருந்தன. யாராவது இறங்கி ஓட்டையைத் தேடி ஒட்ட வேண்டும். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ராஜவேல் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"எறங்குறேன்" என்றாள் அனுசுயா. "ஆனா மெட்டியோட எறங்க மாட்டேன். நானாக் கழட்டுனாத்தான குத்தம்? போட்டுவிட்டவரு நீங்கதான, நீங்களே கழட்டி விடுங்க."

மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். ராஜவேல் பரணிதரனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் சேற்றில் முட்டி போட்டார்.

கல்யாணத்தன்று அம்மிமேல் இருந்த கால், இப்போது ஏணியின் முதல் படியில் இருந்தது. இத்தனை வருஷத்தில் இறுகிப்போன மெட்டி லேசில் வருவதாக இல்லை. யாரோ சோப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். திருகினார், இழுத்தார், கஞ்சி போட்ட வேட்டியெல்லாம் சேறாயிற்று. கடைசியில் இரண்டும் கழன்று உள்ளங்கையில் விழுந்தன. ராஜவேல் ஒரு கையால் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். துடித்துக்கொண்டுதான் இருந்தது.

அனுசுயா உள்ளே இறங்கி, தடவித் தடவி, மெட்டி முனைகள் கீறிய இடங்களைக் கண்டுபிடித்து ஒட்டினாள். மோட்டார் மறுபடி ஓடியது.

முகூர்த்தத்தில் மருமகன் மாமன் மடியில் வீறிட்டு அழுதான். மாமனின் சட்டைப்பையில் மெட்டி உறுத்திக்கொண்டிருந்தது. குத்தி முடிந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"போட்டுக்க."

"இருக்கட்டுங்க. குளிக்க எறங்கணும்ல."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த வினோதினி குனிந்தாள். தன் மெட்டியைக் கழற்றி, அண்ணனுக்கு முன்னால் காலியாகக் கிடந்த சீர்த்தட்டில் போட்டாள். "பாத்துக்கங்கண்ணே." அவளுக்குப் பின்னால் ஒரு சின்ன மாமியார், அவள் மருமகள், அப்புறம் வரிசையாக மற்றவர்கள். ஆரம்பித்துவைத்தவரே சேற்று வேட்டியோடு உட்கார்ந்திருக்கும்போது ஆமாம் போட்ட தலைகள் என்ன பேசும்? தட்டு நிறைந்து, மெட்டிகள் விளிம்பைத் தாண்டி வழிந்தன.

பரணிதரன் எட்டிப் பார்த்தான். "மச்சான், தட்டுல அடங்காத சீருன்னீங்களே, இதானா?"

குளத்தில் பெண்களின் கும்மாளம் பந்தலை எட்டியது. பந்தலில் அவர்களுடைய புருஷன்மார் ஒருவர் குறையாமல் உயிரோடு உட்கார்ந்து, பாதி வெந்த பிரியாணியைத் தின்றுகொண்டிருந்தார்கள். தட்டுக்குக் காவல் இருக்க வேண்டியிருந்ததால் தாய்மாமனுக்கு மட்டும் இன்னும் இலை போடவில்லை.