பழுதில்லாத கடா

சாபாத்தின் வெள்ளாடு தலையீற்றில் கடாக்குட்டி போட்ட அன்றே எனக்குத் தெரியும், அது என் தலையில்தான் விடியும் என்று. தலையீற்றுக் கடா கடவுளுக்கு. கடவுளுக்கானது, பலி செலுத்தும் ஆசாரியர் வீட்டுக்கு. கேபார் கால்வாய்க் கரையில் ஆசாரியர் வீடு என்றால் எங்கள் வீடுதான். சாபாத் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பெரிய தருமவான் போல என் கணவர் மல்கியாவின் முன்னால் இறக்கிவிட்டுப் போனான்.

அதைப் பலியிட முடியாது. பலிபீடம் எருசலேமில் இருந்தது. பாபிலோன்காரன் அதை இடித்துவிட்டுத்தான் எங்களை இங்கே, தன் நாட்டுக்கு, ஓட்டிவந்தான். வேறு இடத்தில் பலியிடக் கூடாது. கடாவை விற்கவும் கூடாது, வேலை வாங்கவும் கூடாது. கண் போனாலோ கால் ஒடிந்தாலோ அறுத்துச் சாப்பிடலாம். ஆனால் அந்தப் பழுதை நாமாக உண்டாக்கக் கூடாது, தானாக வர வேண்டும். வந்தது பழுதுதானா என்று பார்த்துச் சொல்வது ஆசாரியர். பீடம் போன பிறகு என் கணவருக்கு மிஞ்சிய ஒரே உத்தியோகம் அது.

கடா வளர்ந்தது. ஊரே வளர்த்தது என்று சொல்ல வேண்டும். சாபாத்தின் வெங்காயப் பாத்தி, திர்சாளின் வெள்ளரிக்கொடி, காயப்போட்ட வாற்கோதுமை, எதில் வாய் வைத்தாலும் ஒருவரும் கல்லெடுத்து எறிய முடியாது. பட்டுத் தொலைத்தால் வேண்டுமென்றே செய்ததாகிவிடும். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் விரட்டினார்கள். அந்தத் திமிர் பிடித்த ஜந்து கும்பிடுகிறவனைப் பார்த்துக்கொண்டே மெல்லும்.

நாள் தவறாமல் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள்.

"ஐயா, காதுல கீறல் மாதிரி தெரியுது, பாருங்களேன்."

"அழுக்கு," என்பார் இவர், துடைத்துப் பார்த்து.

"கண்ணுல பூ விழுந்திருக்குங்க. சத்தியமா."

"தூசி."

பானையைக் கழுவி வைத்துவிட்டு வந்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள்.

இவருக்கும் அதே சட்டம்தான். கை கால் ஒடிந்த ஆசாரியன் பீடத்துக்குக் கிட்டப் போகக் கூடாது. அதனால் இவர் அரிவாளைத் தொடமாட்டார், மண்வெட்டியைத் தொடமாட்டார், மரம் ஏறமாட்டார். எல்லாம் நான்தான்.

"ஏங்க, நான் பேரீச்ச மரத்துல தொங்கிக்கிட்டு இருக்கேன். நீங்க கீழ நின்னு கூடையாவது பிடிக்கக் கூடாதா?"

"குலை விழுந்து கை ஒடிஞ்சா? நாளைக்கே திரும்பிப் போகலாம்னு உத்தரவு வந்தா பீடத்துல யாரு நிக்கிறது, நீயா?"

"நான் விழுந்தா பரவால்லையா?"

"உனக்கு அந்தச் சட்டம் இல்ல அமுத்தா. நீ தாராளமா விழலாம்."

கேலி இல்லை, நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். தானும் கடாவும் ஒரு கீறலும் இல்லாமல் எருசலேம் திரும்ப வேண்டும், இடிபாட்டைக் கூட்டிப் பீடம் கட்டினால் முதல் பலி இந்தக் கடா, கத்தி பிடிப்பது தன் கை. அந்த நினைப்பில்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார். எனக்குக் கோபம் வரும். அதே சமயம் அது இல்லாவிட்டால் இவர் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார் என்று பயமும் வரும்.

இப்படியிருக்க, கால்வாய் நடைபாலத்தில் ஒரு பலகை இற்றுப்போனது. சாபாத் ஊரைக் கூட்டினான்.

"நாம ஒண்ணும் செய்ய வேணாம். சரி பண்ணாம விட்டுட்டா போதும். சும்மா இருக்கிறது பாவமா?"

"பொம்பளைங்க நடக்குற பாலம்டா அது!" என்றேன்.

"மனுஷங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு ஆசாரியரம்மா. கடாகிட்ட மட்டும்தான் சொல்லல."

அன்றிலிருந்து ஊர் முழு மூச்சாகச் சும்மா இருந்தது. பலகைப் பக்கம் பார்க்காமலே போனார்கள், பார்க்காமலே வந்தார்கள். நான் இவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன், அந்தப் பலகையில் கால் வைக்காதீர்கள் என்று. சரி சரி என்றார்.

ஒரு மத்தியானம் கடா அந்தப் பலகைமேலேயே போய் நின்றது. பலகை ஆடியது. இவர் பார்த்துவிட்டார். என் வாழ்நாளில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினார், "கால் ஒடிஞ்சிடும், கால் ஒடிஞ்சிடும்" என்று கத்திக்கொண்டே. கடா ஒரே தாவில் அக்கரைக்குப் போய்விட்டது. இவர் பலகையோடு கால்வாய்க்குள் போனார்.

முறிந்த சத்தம் ஊருக்கே கேட்டது. சாபாத் கத்தியோடு வந்தான். திர்சாள் பெரிய பானையோடு வந்தாள். யாரோ உப்புக்கூட எடுத்து வந்திருந்தார்கள்.

"எது ஒடிஞ்சது? முன்னங்காலா பின்னங்காலா?" என்று சாபாத் ஓடிவரும்போதே கேட்டான்.

"அவருக்கு மொத்தமே ரெண்டு காலுதாண்டா, பாவி!"

கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரே கையால்தான் சேற்றிலிருந்து தூக்கினான்.

எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு வந்த ஓய்வுநாளில் எல்லாரும் கால்வாய்க் கரையில் ஜெபத்துக்குக் கூடியிருந்தோம். இவர் விந்தி விந்தி வழக்கம்போல முன்னால் போய் நின்றார். ஜெபத்தைத் தொடங்கவில்லை. அங்கியைத் தூக்கிக் காலைக் காட்டினார்.

"பாருங்க. பழுது."

கரையே கொந்தளித்துவிட்டது.

"எங்க? நேராத்தான இருக்கு!" என்றான் சாபாத்.

"வீக்கம் ஐயா, வடிஞ்சிடும்," என்றாள் திர்சாள்.

"நிழல்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கடாமேல் விழுந்த தூசியை எல்லாம் பழுது என்று சாதித்த ஜனங்கள், கொக்கி போல வளைந்த காலைப் பார்த்துக்கொண்டே நேர் என்று சத்தியம் செய்தார்கள்.

"எந்தப் பீடம் இருக்குன்னு ஐயா இதெல்லாம்?" சாபாத் அழுதேவிட்டான். "நாங்க யாரும் கண்டுக்க மாட்டோம்."

இவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு அமுத்தா. நீதான் தினமும் எண்ணெய் தேய்க்கிற."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனையோ பொய் சொல்லத் தெரிந்தவள்தான் நான். ஆனால் பார்த்து உள்ளதைச் சொல்வது ஒன்றுதான் அந்த மனுஷனிடம் மிச்சம் இருந்தது. அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

"கோணல்தாங்க," என்றேன்.

தலையை ஆட்டினார். முன்னாலிருந்து விந்தி விந்தி வந்து, ஜனங்களோடு ஜனமாக என் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். காலை மடக்க முடியவில்லை. நான் அழுதுகொண்டே நகர்ந்து இடம் விட்டேன்.